பழைய துடுப்புப் படகு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொடைக்கானல் ஏரியில் நம் பொறுப்பில் இருக்கும் பழைய மரப்படகின் திருப்பணி நல்லபடியாக முடிந்தது. படகு தண்ணீரில் நிற்கிறது. பணம் கொடுத்தவர்களும், பலகை தூக்கியவர்களும், மழையில் கொட்டகையைக் காவல் காத்தவர்களும் என்ன வேலை நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா, அதற்காகவே இந்த அறிக்கை.

படகைக் கவிழ்த்துப் போட்டுப் பழைய பெயின்டைச் சுரண்டிய பிறகுதான் அதன் உண்மையான நிலை தெரிந்தது. மேல்வரிசைத் தேக்குப் பலகைகள் தட்டினால் இன்னமும் கணீரென்கின்றன. ஏராவை, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையை, ஒட்டிய கீழ்வரிசைகளோ விரலால் அழுத்தினாலே பொடிந்தன. முன்பு எப்போதோ நடந்த ஒரு பழுதுபார்ப்பில் செம்பு ஆணிக்குப் பதில் இரும்பு ஆணி அடிக்கப்பட்டிருந்தது. அது துருப்பிடித்து, ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மரம் கருத்து நார்நாராகப் பிரிந்து கிடந்தது.

தோணி கட்டிப் பழகிய தச்சர்களைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தோம். 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் ஓடைகளை மறித்து இந்த ஏரியை உண்டாக்கினார். ஏரிக்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் தருவித்தார், அதுவும் மோட்டார் சாலை இல்லாத காலத்தில். நமக்கு மரம் வத்தலக்குண்டு வழியாக லாரியில் வந்து இறங்கியது.

வந்ததும் பெரிய தச்சர் அடிப்பகுதியைத்தான் முதலில் பார்த்தார். “கடல்ல புழு அரிக்கும், இங்க மழைத்தண்ணி அரிச்சிருக்கு” என்றார். கடலில் கப்பல்புழு மரத்தைத் துளைக்கும், ஆனால் உப்பு மரத்தை அழுகவிடாது. ஏரியில் அந்தப் புழு கிடையாது. படகுக்குள் தேங்கும் ஐப்பசி மழைத்தண்ணீர்தான் எமன்.

மேலே ஃபைபர் கிளாஸ் போர்த்திவிட்டால் செலவும் குறையும், கவலையும் விடும் என்று உறுப்பினர்கள் சிலர் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனால் பழைய மரத்தின்மேல் அதைப் போர்த்தினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், கண்ணுக்குத் தெரியாமலே மரம் உளுத்துப்போகும். வெளியே பளபளப்பும் உள்ளே பொடியுமாக ஒரு படகை அடுத்த தலைமுறையிடம் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கெட்ட பலகையை மட்டும் எடுத்துவிட்டு, நல்ல பலகை ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே விட்டோம்.

அதிக நேரம் பிடித்தது விலாச்சட்டங்களுக்குத்தான். கடல் தோணிக்கு இயற்கையாகவே வளைந்த கருவேலங்கட்டையைத் தேடி எடுத்து அறுப்பார்கள். இந்தப் படகின் மெல்லிய சட்டங்களை ஆவியில் வேகவைத்துத்தான் வளைக்க முடியும். பலகையால் நீளப்பெட்டி செய்து, கொதிகலத்திலிருந்து குழாய் வைத்து ஆவியை விட்டோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கில் எடுத்த முதல் சட்டம் வளைக்கும்போதே நார் பிரிந்து ஒடிந்தது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஆவியிலும் அவ்வளவு சூடுதான். சரி என்று கூடுதல் நேரம் வைத்தோம், அப்புறம் வளைந்து கொடுத்தது. பெட்டியிலிருந்து எடுத்த சட்டத்தை உடனே வளைத்து இறுக்க வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் விறைத்துவிடும். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அந்தச் சூட்டில் ஓடி ஓடி உதவிய இளைஞர்களுக்கு நன்றி சொல்லி மாளாது.

படகை ஏரியில் இறக்கிய அன்று குறிஞ்சி ஆண்டவர் கோயில் திருநீறு பூசித் தேங்காய் உடைத்தோம். தச்சர்கள் பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இறக்கிய கொஞ்ச நேரத்திலேயே படகுக்குள் தண்ணீர் ஏறவும் பலர் பதறிவிட்டார்கள். தோணியில் பலகைகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து நிற்கும், அந்த இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் அடைப்பார்கள். நம் படகில் பலகை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செம்பு ஆணியால் இறுகி நிற்கின்றன. காய்ந்த மரம் தண்ணீரில் ஊறி உப்பினால்தான் அந்தப் பொருத்து அடையும். அதனால் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் பாதி மூழ்கவே விட்டுவைத்தோம். ஊறி முடிந்து தண்ணீரை இறைத்த பிறகு அடியில் கசிவு நின்றுவிட்டது.

இதனால் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படகை மாதக்கணக்கில் கரையில் ஏற்றிக் காயவிடக் கூடாது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு உள்ளே நிற்கும் தண்ணீரை இறைக்க வேண்டும். இறைப்பதற்கான முறைப்பட்டியல் கொட்டகையில் ஒட்டப்பட்டுள்ளது. பெயர் கொடுக்காதவர்கள் கொடுத்துவிடவும்.

அழுகிய பலகைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததாலும் செம்பு ஆணியின் விலையாலும் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் பொருளாளரிடம் உள்ளன. எவரும் எப்போதும் பார்க்கலாம். புதிய துடுப்புகளில் ஒரு ஜோடி மட்டும் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
படகுத் திருப்பணிக் குழு