ஆன்டிலோப் பள்ளத்தாக்குப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் நகருக்கு அருகில் நாம் படம் எடுக்கச் செல்லவிருக்கும் ஆன்டிலோப் பள்ளத்தாக்கு, மேல், கீழ் என இரு பகுதிகள் கொண்ட குறுகிய மணற்பாறைப் பிளவு. அது அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலம் என்பதால், அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் உள்ளே நுழைய இயலாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று பல மைல் தொலைவில் பெய்த மழை திடீர் வெள்ளமாகக் கீழ்ப் பள்ளத்தாக்கில் பாய்ந்து 11 பயணிகளின் உயிரைப் பறித்தது. ஆகவே தலைக்கு மேல் வானம் தெளிவாகத் தெரிந்தாலும், வழிகாட்டி வெளியேறச் சொன்னால் அந்த நொடியே வெளியேற வேண்டும்.

முக்காலிக்கும் பைகளுக்கும் அனுமதி இல்லை. கேமராவைக் கையில் பிடித்தே எடுக்க வேண்டியிருப்பதால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 800 முதல் 1600 வரை உயர்த்திக்கொள்ளுங்கள். மணல் ஓயாமல் உதிர்வதால் உள்ளே லென்ஸை மாற்றாதீர்கள். அகலக் கோண லென்ஸ் ஒன்றே போதும். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் மணற்பாறையின் செம்மஞ்சள் வெளிறிவிடும் என்பதால் 'மேகமூட்டம்' அமைப்பில் வையுங்கள். வானத்தின் சிறு கீற்றுகூடச் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் கருத்து, ஏனெனில் அந்த வெண்மை பாறையின் நிறத்தையெல்லாம் அமுக்கிவிடும்.

மேல் பள்ளத்தாக்கில் ஒளிக்கற்றைகள் கோடை மாதங்களின் நண்பகலை ஒட்டியே இறங்கும். தண்ணீர் பாறைகளினூடே ஓடும் இடம் என்பது அதன் நவஹோப் பெயருக்குப் பொருள். எங்கு நின்றால் ஒளி எப்படி விழும் என்பதை வழிகாட்டிகள் நன்கறிவார்கள். அவர்களிடம் மரியாதையுடன் கேட்டு, படம் எடுத்தவுடன் அடுத்தவருக்கு இடம் விடுங்கள்.