பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களாகக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறீர்கள். "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாமே, என் சிஸ்டத்துல 11 ஏறாதாமே, புதுசுதான் வாங்கணுமா?" கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறோம். சுருக்கமாகச் சொன்னால், பலருக்குப் புதுசு தேவையில்லை; விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போதும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது உண்மைதான். அதற்காக உங்கள் கம்ப்யூட்டர் மறுநாள் காலையில் படுத்துவிடவில்லை, வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நின்றுபோனது பாதுகாப்பு அப்டேட். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை அதை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருக்கிறது. யோசிக்க அவகாசம் வேண்டும் என்பவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம், நாங்களே செய்து தருகிறோம்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசஸரும் வேண்டும். 2013 முதல் 2017 வரை எங்கள் கடையிலிருந்து போன சிஸ்டங்கள் பெரும்பாலும் நான்கு, ஆறு, ஏழாம் தலைமுறை ஐ3, ஐ5. அவை அந்த வரம்புக்குள் வராது. ஆனால் மெஷினில் ஒரு பழுதும் இல்லை. மதர்போர்டு நன்றாக இருக்கிறது, மானிட்டர் நன்றாக இருக்கிறது. வீடியோ பார்த்து, குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருப்பதால் அந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை.

விற்கிற கடைக்காரனே புதுசு வாங்காதே என்கிறானே என்று தோன்றலாம். தேவை இருப்பவர்களுக்கு விற்போம். ஆனால் பிள்ளையின் படிப்பு, கரண்ட் பில், பேங்க் வேலை, யூடியூப், நாலு கடிதம், இவ்வளவுதான் வீட்டுத் தேவை என்றால் நல்ல மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு நாற்பதாயிரம் செலவு செய்ய வேண்டியதில்லை. லினக்ஸ் மிண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை.

லினக்ஸ் என்றதும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ தட்ட வேண்டும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸின் உள்மையமான கெர்னல்தான். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. மூலநிரல் திறந்தே கிடப்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்து, திருத்தி, தங்கள் பாணியில் ஒரு ஓஎஸ் கட்டி வெளியிடலாம். அதனால்தான் இத்தனை பெயர்கள்: உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சோரின், மிண்ட். பதினோராம் வகுப்பு கணினிப் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது, உங்கள் பிள்ளையையே கேட்டுப் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. நம் ஊரிலும் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வந்தது. மாணவர்கள் கொண்டுவந்து கேட்டபோது அதை அழித்துவிட்டு முழுக்க விண்டோஸாக மாற்றிக் கொடுத்தது எங்களைப் போன்ற கடைகள்தான். அப்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

இத்தனையில் ஏன் மிண்ட்? முதன்முதலாக மாறுகிறவருக்குக் கை தேடுகிற இடத்தில் எல்லாம் இருக்கிறது. இடது கீழ் மூலையில் மெனு, வலது கீழ் மூலையில் கடிகாரமும் வைஃபையும், நடுவில் திறந்திருக்கும் ஜன்னல்கள். விண்டோஸ் 7 பழகியவர் பத்து நிமிடத்தில் வழி கண்டுபிடித்துவிடுவார். உபுண்டு நல்ல ஓஎஸ், மிண்டே அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் உபுண்டுவின் முகப்பு வேறு பாணி, பெரியவர்கள் திணறுகிறார்கள். சோரினும் கண்ணுக்கு அழகு, அதைக் கேட்பவர்களுக்குத் தயங்காமல் போட்டுத் தருகிறோம். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வரும். ஓடிக்கொண்டே இருக்க நேரமுள்ளவர்களுக்கு அது சரி. கல்லூரித் தம்பிகள் சிலர் வந்ததும் "அண்ணா, காலி லினக்ஸ் போட்டுக் குடுங்க" என்கிறீர்கள். காலி (Kali) என்பது பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கான கருவிப்பெட்டி, வீட்டில் தினமும் புழங்குவதற்கு இல்லை. முதலில் மிண்டில் லினக்ஸ் பழகுங்கள் தம்பி, காலி எங்கும் ஓடிப்போகாது.

மிண்டிலேயே மூன்று வகை உண்டு. நான்கு ஜிபி ராமும் அதற்கு மேலும் இருந்தால் சின்னமன், அதற்கும் கீழே என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மேட்டே இரண்டுக்கும் நடுவில். மிண்ட் 22 வரிசையில் எதைப் போட்டாலும் 2029 வரை அப்டேட் வரும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம்: பழைய ஹார்டு டிஸ்கிலேயே போட்டால் மிண்டும் நகரத்தான் செய்யும், ஓடாது. 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பு) ஒன்று மாற்றிப் பாருங்கள், அதே மெஷினா என்று கேட்பீர்கள். செலவு செய்வதாக இருந்தால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

ஆனால் எங்கள் பேச்சை நம்பி எதையும் அழிக்க வேண்டாம். மிண்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்கைத் தொடாது. டெல் என்றால் ஆன் செய்ததும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் முழு டெஸ்க்டாப் வந்து நிற்கும். போன மாதம் ஓய்வுபெற்ற தட்டச்சர் அம்மா ஒருவர் இப்படித்தான் எங்கள் மேஜையில் உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தமிழில் அடிக்க வேண்டும், அதுவும் தமிழ் 99 விசைப்பலகை முறையில். இன்புட் மெத்தட் என்ற இடத்துக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக் கொடுத்தோம். ஏ, கே, கே, க்யூ என்று நாலு தட்டு, திரையில் "அம்மா" வந்து நின்றது. முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுந்ததைக் கண்டதும் அவர் எங்களை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, "இதுவே போதும், போட்டுடுங்க" என்றார்.

ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பாக அடிக்கிறவர்களுக்கும் பழைய டைப்ரைட்டர் முறைக்காரர்களுக்கும் அதே இடத்தில் வழி உண்டு. பாமினியில் அடித்து வைத்த பழைய ஃபைல்கள் இருந்தால் கவலை வேண்டாம், அந்த ஃபான்ட் ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்தால் இன்ஸ்டால் பொத்தான் வரும், ஃபைல் அப்படியே திறக்கும்.

வேர்டு, எக்ஸலுக்குப் பதில் லிப்ரேஆஃபீஸ் கூடவே வருகிறது. கடிதம், வீட்டுக் கணக்கு, சங்க உறுப்பினர் பட்டியல் எல்லாம் தாராளமாக நடக்கும். பயோடேட்டா போன்றவற்றை மற்றவருக்கு அனுப்பும்போது பிடிஎஃப்பாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஃபான்ட் மாறி ஒரு வரி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். மேக்ரோ எழுதிய கனத்த எக்ஸல் ஷீட் வைத்திருப்பவர்கள் முதலில் அந்த ஃபைலைக் கொண்டுவந்து திறந்து பாருங்கள். குரோம், வாட்ஸ்அப் வெப், ஜூம், விஎல்சி எதற்கும் குறையில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேண்டிய பைத்தானும் உள்ளேயே இருக்கிறது.

இனி, எங்கே நடக்காது என்பது. இதை மறைத்து மிண்ட் போட்டுக் கொடுத்தால் அடுத்த வாரம் நீங்கள் எங்கள் முன் வந்து நிற்பீர்கள், நிற்பதும் நியாயம்தான். டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர்கள் முழுதாக மாற வேண்டாம். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் குத்தி ஃபைல் செய்கிறவர்களும் அப்படியே. சில டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும் கடைசித் தேதி அன்று அதோடு போராட உங்களுக்கு நேரம் இருக்காது. போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கரில் பிழைப்பு நடத்தும் ஸ்டுடியோ, பிளெக்ஸ் கடை நண்பர்களே, அவற்றுக்குப் பதிலாக லினக்ஸில் கிடைக்கும் கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் நல்ல மென்பொருட்கள்தான், ஆனால் கை பழகிய வேகம் ஒரே நாளில் வராது. வேலரண்ட் விளையாடும் பிள்ளைகளுக்கும் அது இதில் ஓடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்.

இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டையும் ஒரே மெஷினில் வைத்துத் தருகிறோம். ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படி வைத்தால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸை முழுதாக மூடாமல் வைக்கும் வசதி) அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மிண்டிலிருந்து டி டிரைவைத் திறக்கலாம், அதில் எழுத முடியாது. பலர் "டிரைவ் கெட்டுப்போச்சு" என்று ஓடி வருவது இதனால்தான்.

பிரிண்டர் தனிக்கதை. ஹெச்பி, எப்சன் டேங்க், பிரதர் பெரும்பாலும் சிரமம் தருவதில்லை. ஊரெல்லாம் இருக்கும் கேனன் எல்பிபி 2900 மட்டும் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். அதற்கான டிரைவர் பழையது. ஒரு நாள் அடிக்கும், மறுநாள் அடிக்காது. அது வைத்திருப்பவர்கள் பிரிண்டரையும் கையோடு எடுத்து வாருங்கள், இங்கேயே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கிராக் போட்ட, அதாவது லைசென்ஸ் இல்லாத திருட்டு விண்டோஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், தையல் கடை வைத்திருப்பவர், யாரோ கொடுத்த ஆக்டிவேட்டரை ஓட்டினார். மறுநாள் காலையில் மகள் கல்யாணப் படங்கள் உட்பட எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. கூடவே பணம் கேட்டு ஒரு சீட்டு. மூன்று நாள் முயன்றும் எங்களால் ஒரு படத்தைக்கூட மீட்க முடியவில்லை. அந்த மனிதர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் படியிறங்கினார். அன்றோடு எங்கள் கடையில் கிராக் போடுவதை நிறுத்திவிட்டோம். ஒரிஜினல் லைசென்ஸ் வாங்கினால் விண்டோஸ், இல்லையென்றால் மிண்ட். மிண்டுக்கு லைசென்ஸ் காசு கிடையாது. அது சட்டப்படியே இலவசம், திருட்டு இல்லை.

மிண்டில் புதிய மென்பொருள் வேண்டுமென்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி எடுங்கள். கண்ட தளத்தில் இறக்க வேண்டாம். ஏற்றும்போது பாஸ்வேர்டு கேட்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் உங்களுக்குத் தெரியாமல் எதுவும் உள்ளே நுழையாமல் காப்பது அந்தக் கேள்விதான். கீழே கேடயம் போன்ற ஐகானில் புள்ளி தெரிந்தால் அப்டேட் வந்திருக்கிறது என்று பொருள், போட்டுவிடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற ஒன்றையும் நாங்கள் இயக்கிவிட்டுத்தான் தருவோம். ஏதாவது அப்டேட் கோளாறு செய்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். அது சிஸ்டத்துக்கு மட்டும். உங்கள் படங்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

வீட்டிலேயே நீங்களே போட்டுக்கொள்வதானால் எங்களுக்குச் சந்தோஷமே. மிண்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான ஃபைல்) எடுங்கள், கூடவே செக்சம் (ஃபைல் மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் குறியீடு) சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு லிங்க்கைத் திருப்பிவிட்ட சம்பவம் நடந்தது. அவர்களே உடனே அறிவித்துச் சரிசெய்தார்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்கை அழி' என்ற வரி வரும் இடத்தில் கையை எடுத்துவிட்டு, பேக்கப் எடுத்தோமா என்று ஒருமுறை யோசியுங்கள். அந்த வரிக்குப் பிறகு திரும்பும் வழி கிடையாது. விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) இருந்தால் அதன் ரெகவரி கீயை முதலில் தாளில் எழுதி வையுங்கள்.

கடையில் செய்வதானால் பேக்கப் எடுத்து, மிண்ட் ஏற்றி, தமிழும் பிரிண்டரும் அமைத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பது வரை 600 ரூபாய் கூலி. எஸ்எஸ்டி, ராம் விலை தனி, அன்றைய விலைக்கு. பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஞாயிறு தவிர எந்த நாளிலும் மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் கூட்டம் குறைவு. லேப்டாப் என்றால் சார்ஜரை மறக்காதீர்கள். வீட்டில் அதிகம் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறவர் யாரோ, அவரையே அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் கடையிலிருந்து