பத்துப் பகா எண்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் கூடும் எங்கள் கணித வகுப்பு, இந்தக் கோடை விடுமுறையில் ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. சம இடைவெளியில் வரும் பகா எண்களை, அதாவது 1ஆலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்களைத் தேட வேண்டும். 5, 11, 17, 23, 29 என்று ஆறு ஆறாகத் தாவுகிறதே, அந்த மாதிரி. அடுத்த தாவலில் 35 வந்து கெடுத்துவிடுகிறது. அதைவிட நீளமாக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் கேள்வி. கைகொடுத்தவர்களில் பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் யார் பெயரையும் போடவில்லை. யார் யாரென்று பாளையங்கோட்டைக்காரர்களுக்குப் படித்ததுமே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற சாருக்கு. பிள்ளைகள் வந்ததும் வராததுமாக லேப்டாப்பைத் திறந்தார்கள். "அத மூடி வச்சிட்டுப் பேனாவ எடுங்கல" என்றார். பிறகு கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். இடைவெளி 7ஆல் வகுபடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அடுத்தடுத்து வரும் ஏழு எண்களில் ஒன்று 7இன் மடங்காக இருந்தே தீரும். அந்த ஒன்று 7ஆகவே இருந்தால் மட்டும் பிழைக்கலாம். 7, 157, 307, 457, 607, 757, 907 அப்படித்தான் பிழைக்கிறது, இடைவெளி 150. ஆனால் எட்டாவதாக வரும் 1057, ஏழு தடவை 151. கதை முடிந்தது. 2, 3, 5க்கும் இதே கணக்குதான். ஆகவே பத்து எண் வேண்டுமென்றால் இடைவெளி 2, 3, 5, 7 நான்காலும் வகுபட வேண்டும். ஆகக் குறைந்தது 210. இடைவெளி 1 முதல் 209 வரை எதையும் தொடவே வேண்டாம் என்று ஒரே மாலையில் சொல்லிக் கொடுத்துவிட்டார். எந்தக் கணினியும் எங்களுக்கு இவ்வளவு வேலையை மிச்சப்படுத்தவில்லை.

அடுத்து பிளெக்ஸ் கடை அண்ணாச்சி. வரிசைக்கு 210 கட்டம், மொத்தம் பத்து வரிசை, கட்டத்துக்குள் 1 முதல் 2100 வரை எண்கள். பதினாலு அடி நீளம், ஓரடிகூட உயரமில்லாத பேனர் கேட்டதும், "இது எந்தக் கல்யாணத்துக்கு சார்?" என்றார். அடித்தும் கொடுத்தார். பிள்ளைகள் தரையில் விரித்துப்போட்டு, பகா எண் கட்டங்களுக்குச் சிவப்பு மார்க்கரால் வண்ணம் தீட்டினார்கள். முதல் வரிசையில் உள்ள 2, 3, 5, 7 நான்கையும் விட்டுவிட்டால், 210 நிரல்களில் 48 நிரல்களில் மட்டுமே சிவப்பு விழ இடமுண்டு. மீதி 162 நிரல்களில் வருவதெல்லாம் 2, 3, 5, 7இல் ஏதாவது ஒன்றின் மடங்கு, மேலிருந்து கீழே வெறும் வெள்ளை. மடங்குகளைச் சலித்து நீக்கிப் பகா எண்களைப் பிடிக்கும் சல்லடை என்று பாடப்புத்தகத்தில் படிப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறுதான்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வலது ஓரத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "சார், இந்த நிரல்ல வெள்ளையே இல்ல" என்றாள். 199, 409, 619, 829, 1039, 1249, 1459, 1669, 1879, 2089. பத்தும் சிவப்பு. பதினொன்றாவது வரிசை அடிக்கச் சொல்லவில்லையே என்று எல்லாருக்கும் தவிப்பு. அண்ணாச்சியிடம் ஓடியதும் கீழே ஒட்ட ஒரு பட்டையை அடித்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அங்கே வந்தது 2299. பதினொன்று, பதினொன்று, பத்தொன்பது மூன்றையும் பெருக்கினால் அதுதான்.

அதற்கு மேல் கையால் முடியாது. பொறியியல் கல்லூரியில் படிக்கும் தம்பி, பள்ளியில் வாங்கிய பழைய அரசு லேப்டாப்பிலேயே தேடுவதற்கு ஒரு கணினி நிரல் எழுதினான். 110437இல் தொடங்கி 13860 இடைவெளியில் பன்னிரண்டு எண்கள் கிடைத்தன. பதின்மூன்றாவதான 276757ஐ 13 வெட்டிவிடுகிறது. பிறகு 4943இல் தொடங்கி 60060 இடைவெளியில் பதின்மூன்று. பதினான்காவதை 17 வெட்டுகிறது. இவையெல்லாம் உலகத்துக்கு எப்போதோ தெரிந்தவைதான், எங்களுக்குப் புதுசு. ராத்திரி முழுக்க அதை ஓட விட்டு, ஃபேனையும் அதன் பக்கமே திருப்பி வைத்த அவன் அம்மாவுக்கும் நன்றி.

எங்களை அறியாத சிலருக்கும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் மோரன், பிரிட்சர்ட், தைசென் மூவரும் சும்மா கிடந்த கணினிகளை வேலை வாங்கி, 1993இல் 22 எண் வரிசையைப் பிடித்தார்கள். இரவல் கணினியில் வேலை பார்க்கிற எங்களுக்கு அது பெரிய தெம்பு. 2004இல் கணித அறிஞர்கள் பென் கிரீனும் டெரன்ஸ் தாவோவும் எவ்வளவு நீளம் கேட்டாலும் அவ்வளவு நீள வரிசை உண்டு என்று நிரூபித்தார்கள். உண்டு என்பதுதான் நிரூபணம். எங்கே என்று அது சொல்லாது. தேடுகிறவர்களுக்கு வேலை போய்விடவில்லை. 2019 செப்டம்பரில், தன்னார்வலர்களின் கணினிகளில் பகா எண் தேடும் பிரைம்கிரிட் திட்டத்தில் ராப் கஹான் கண்டது 27 எண் வரிசை. அதன் முதல் எண்ணுக்கே 18 இலக்கம். இடைவெளியோ, 2 முதல் 23 வரையான பகா எண்களின் பெருக்கற்பலனான 223092870இன் மடங்கு. சார் கரும்பலகையில் போட்ட அதே கணக்கு அங்கேயும் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

என்னைக் கேட்டால் 1998இல் கிடைத்ததுதான் அழகு. பத்துப் பகா எண்கள், ஒவ்வொன்றும் 93 இலக்கம், இடைவெளி 210, நடுவில் வேறு எந்தப் பகா எண்ணும் கிடையாது. எங்கள் பேனரில் 199க்கும் 409க்கும் நடுவே எத்தனை சிவப்பு! பல நாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்துத் தேடியதில், மன்ஃப்ரெட் டோப்லாக் என்பவரின் கணினியில் அது அகப்பட்டது. பதினொன்று வேண்டுமென்றால் இடைவெளி குறைந்தது 2310 ஆகிவிடும். அவ்வளவு பெரிய இடைவெளியில் நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அந்தப் பத்தை இன்னும் யாரும் தாண்டவில்லை.

மாடியைத் திறந்துவிட்ட நூலகர் அம்மாவுக்கும், கேட்காமலே டீயும் சுண்டலும் அனுப்பிய எதிர்வீட்டு ஆச்சிக்கும் நன்றி. பேனர் இப்போது வாசகர் அறைச் சுவரில், ஒட்டிய பட்டையோடு தொங்குகிறது. லேப்டாப் இரவல் தந்தவர்கள் வரும் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் தேடல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் சொந்தக்காரர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.