மார்க் டூவுக்கு எந்தக் கியர் பொக்ஸ்

ஸ்காபரோ,
தைப்பொங்கலுக்கு முதல் நாள்

அன்புள்ள தம்பிக்கு,

உன்ரை டொயோட்டா மார்க் டூ காரின்ரை கியர் பொக்ஸ் உடைஞ்சு போச்சுது, இனி எதைப் பூட்டலாம் எண்டு கேட்டு நீ கார்த்திகையிலை போட்ட கடிதம் மேசையிலை கிடந்து நாளாகுது. பதில் போடாமல் விட்டது என்ரை பிழைதான். அம்மா சின்னக்காவைக் கொண்டு நாலு தரம் கேட்பிச்சவ எண்டும் தெரியும். எனக்கு ஒரு குறையும் இல்லை எண்டு அவவுக்குச் சொல்லு. பகலிலை கராஜ். இரவிலை ஒரு களஞ்சியத்திலையும் வேலை எடுத்திருக்கிறன், மாரியிலை அறைக்குள்ளை சும்மா இருந்து என்ன செய்யிறது.

நீ அனுப்பின படத்தை வடிவாப் பாத்தன். மூண்டாம் கியரிலை பல்லு அடியோடை போகேல்லை, நுனிப்பக்கம்தான் துண்டு துண்டாய்க் கழண்டிருக்கு. எஞ்சினின்ரை இழுவை கூடினால் பொக்ஸுக்குள்ளை கியர் பூட்டின ரெண்டு ஷாப்டும் ஒண்டையொண்டு தள்ளி விலகும், பெட்டியும் கொஞ்சம் வளையும். அப்ப பல்லும் பல்லும் நடுவிலை முட்டாமல் நுனியிலை முட்டும். பாரம் முழுக்க நுனியிலை விழுந்தால் எந்த இரும்பும் தாங்காது. நீ பூட்டின டபிள்யூ58 கூடாத பொக்ஸ் இல்லை. ஆனால் 1986இலை வந்த சுப்ராவிலை டொயோட்டாவே ரேபோ (காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ளை தள்ளுற சாமான்) இல்லாத எஞ்சினுக்கு டபிள்யூ58, ரேபோ எஞ்சினுக்கு ஆர்154 எண்டு பிரிச்சுத்தான் பூட்டினவங்கள். நீ அதைக் கொண்டுபோய் 1ஜேஸெட் ரேபோவுக்குப் பின்னாலை பூட்டியிருக்கிறாய். கொம்பனி விட்டபடியே 363 நியூட்டன் மீற்றர் இழுவை தாற எஞ்சின் அது. நீ பூஸ்டும், அதுதான் ரேபோ தள்ளுற காத்தின்ரை அமுக்கம், கூட்டி வைச்சிருக்கிறாய்.

கெட்ராக் வி160 பொக்ஸ் வாங்கி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அது வேண்டாம். நல்ல பொக்ஸ்தான், மறுக்கேல்லை. ஆனால் உதிரிச் சாமான் இங்கையே தேடித் திரிய வேண்டிக் கிடக்கு, யாழ்ப்பாணத்திலை கியர் மாத்தேக்கை வேகத்தை ஒத்துக் குடுக்கிற ஒரு சிங்க்ரோ வளையம் தேய்ஞ்சால் வண்டி மாசக்கணக்கிலை மேடையிலை நிக்கும். பொக்ஸைத் தாங்கிற குறுக்குச் சட்டம், பின் அச்சுக்குப் போற புறொப் ஷாப்ட் எல்லாம் புதிசாய்ச் செய்யவும் வேணும். நிசான் 350இஸட்டின்ரை ஆறு கியர்ப் பொக்ஸும் அப்பிடித்தான். அதின்ரை பெல் ஹவுசிங், எஞ்சினோடை பொருந்திற முன் கூடு, பெட்டியோடை ஒண்டாய் வார்த்தது, அதை வெட்டி எறிஞ்சு அடாப்டர் பிளேற் போட வேணும். வெட்டு ஒரு நூல் சரிஞ்சாலும் கதை முடிஞ்சுது.

பக்கத்து வீட்டுக் கயானாக்காரக் கிழவரைப் பற்றி முந்தி எழுதினனான். மைனஸ் 18இலையும் கராஜ்க் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, கழட்டின கியர் பொக்ஸுக்குக் கம்பளி போத்திப்போட்டுப் பக்கத்திலை இருக்கிறவர். அவரின்ரை 1990 மஸ்டாங் காரிலை வந்தது ரி5 பொக்ஸ், 300 இறாத்தல்-அடி இழுவைக்குத்தான் கணக்கு. இழுவையைக் கூட்டச் சுப்பர்சார்ஜர் பூட்டினதோடை ஒருக்கா உடைஞ்சுது. உள்ளுக்கு உரமான கியர் போட்டார், திரும்பவும் உடைஞ்சுது. ஏனெண்டால் ஷாப்டுகளுக்கு இடையிலை தூரம் அதே 77 மில்லிமீற்றர், பெட்டியும் அதே மெல்லிய அலுமினியம். பிறகு ரி56 மக்னம் போட்டார். அதிலை 85 மில்லிமீற்றர், 700 இறாத்தல்-அடி தாங்கும், உங்கடை கணக்கிலை 949 நியூட்டன் மீற்றர். ஆனால் தளத்தின்ரை நடு மேட்டை அடிச்சு விரிச்சு, புறொப் ஷாப்டை வெட்டிக் குறைச்சு, பொக்ஸ் வாங்கின காசுக்குக் கிட்டக் கூலிக்கும் போச்சுது. இவ்வளவும் ஏன் எழுதுறன் எண்டால், உனக்கு அந்தத் தலையிடி இல்லை.

உன்ரை மார்க் டூ, ஜேஸெட்எக்ஸ்90இன்ரை ரேபோ மொடலுக்குக் கொம்பனியே பூட்டினது ஆர்154. குறுக்குச் சட்டமும் லீவரும் ஒரு வெட்டும் இல்லாமல் தன்ரை இடத்திலை வந்து நிக்கும். கொழும்பிலை, பஞ்சிகாவத்தை உதிரிச் சாமான் கடையளிலை கேட்டுப் பார். பொக்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு வராதை, பெல் ஹவுசிங், கிளச் போர்க், பெயரிங், புறொப் ஷாப்டின்ரை முன் யோக் எல்லாம் ஒரே வண்டியிலை கழட்டினதாய் வாங்கு. ஆர்154இலை தள்ளு கிளச்சும் இருக்கு, இழு கிளச்சும் இருக்கு, கலந்தால் பெடல் வேலை செய்யாது.

காசு குடுக்க முதல் ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டிலை வடி. பொன் தூள் மாதிரி மினுங்கினால் அது சிங்க்ரோவின்ரை பித்தளை, பயமில்லை. காந்தத்திலை ஊசி ஊசியாய் இரும்பு ஒட்டினால் விட்டிட்டு வா. ஒவ்வொரு கியரும் போட்டுக் கையாலை சுத்து. ஒரு இடத்திலை தட்டுது எண்டால் அங்கை பல்லு உடைஞ்சிருக்கு.

எந்த ஆர்154 எண்டாலும் ஒருக்காத் திறக்கத்தான் வேணும். முதலாம் கியருக்குப் பின்னாலை இருக்கிற திரஸ்ட் வொஷர்தான் அதின்ரை குறை. அது வெடிச்சால் கியர் பின்னுக்கும் முன்னுக்கும் ஓடத் தொடங்கும். கட்டி உருக்கிலை கடைஞ்ச வொஷர் இங்கை கிடைக்கும், அதை நான் பார்சலிலை அனுப்புறன்.

பூட்டேக்கை ஒரு வேலையை விடாதை. கனபேர் விடுறது அதைத்தான். எஞ்சினின்ரை பிளைவீலிலை டயல் கேஜ் (நுணுக்கமாய் அளக்கிற முள்ளு மானி) பூட்டி, பெல் ஹவுசிங்கின்ரை நடு ஓட்டையைச் சுத்திப் பார். நடு விலகல் 0.13 மில்லிமீற்றருக்கு மேலை போகக் கூடாது, முள்ளு காட்டுறது அதின்ரை இரட்டிப்பு எண்டதையும் மறக்காதை. கூடினால் விலக்கு டவல், அதுதான் நடு தள்ளிக் கடைஞ்ச முளை, போட்டுத் திருத்து. இது பிழைச்சால் பொக்ஸ் ஷாப்டின்ரை நுனியைத் தாங்கிற பைலட் பெயரிங் போகும், கியர் கரகரக்கும், எல்லாரும் பொக்ஸைத்தான் குறை சொல்லுவினம். பொக்ஸின்ரை சரிவும் பின் அச்சிலை இருக்கிற டிபரென்ஷலின்ரை சரிவும் ஒரு பாகைக்குள்ளை ஒத்து வர வேணும். ஒயில் 75டபிள்யூ-90, பக்க ஓட்டை மட்டத்துக்கு.

ஆர்154இன்ரை ஐந்தாம் கியர் விகிதம் 0.753. 3.73 டிபரென்ஷலும் 225/45 17 ரயரும் எண்டால், ஏ9 றோட்டிலை நூறிலை போகேக்கை எஞ்சின் நிமிசத்துக்கு 2350 சுத்துக்குக் கிட்ட நிக்கும், பெற்றோலும் மிச்சம். புதுக் கிளச்சை முதல் 800 கிலோமீற்றர் மெதுவாய் ஓட்டு. அதுக்குப் பிறகும் கிளச்சைப் படாரெண்டு விடாதை. எந்தப் பொக்ஸையும் முறிக்கிறது அந்த ஒரு அடிதான்.

நேற்று கிழவர் கியர் ஒயில் போத்தலைத் திறக்க அந்தக் கந்தக மணம் வந்துது. ஐயா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஏ40 காரின்ரை கியர் பொக்ஸுக்குக் கீழை படுத்திருந்த மாதிரியே இருந்துது. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓடின காலத்திலையும் அந்தப் பொக்ஸை ஐயா ஒருக்காலும் உடைக்கேல்லை. முதலாம் கியருக்குச் சிங்க்ரோ இல்லை எண்டு, வண்டி முழுக்க நிண்ட பிறகுதான் போடுவார். வேப்பமரத்துக்குக் கீழை ஸ்பானர் எடுத்துக் குடுத்துக்கொண்டு நிண்ட நீ இப்ப எவ்வளவு உயரம் எண்டே எனக்குத் தெரியாது. ஆறு வரியம். அம்மாவின்ரை ஒடியல் கூழ் கனவிலை வருது.

சரி. அம்மாவின்ரை கண் ஒப்பரேசனைத் தள்ளிப் போடாதேங்கோ, மாசியிலை காசு கட்டாயம் வரும். உனக்கு ஒதுக்கினதையும் அதுக்கு எடுக்க வேண்டி வந்தால் கோவிக்காதை, பொக்ஸ் சித்திரையிலை வாங்கலாம். மருமகளின்ரை கலியாணத்துக்கு நாள் வைக்க முதல் ஆசையம்மாவிட்டையும் ஒரு சொல்லுக் கேளுங்கோ, பழைய வேலிச் சண்டையை மனசிலை வைச்சிருக்கக் கூடாது. காணி உறுதியின்ரை பிரதி எனக்கு ஒண்டு அனுப்பு. கிணத்து மோட்டரின்ரை பெயரிங் நம்பரையும் அதிலை எழுதிவிடு, வொஷரோடை சேர்த்துப் போட்டுவிடுறன்.

அன்புடன்,
அண்ணா