கொட்டான் கொடுத்த ஆச்சிக்கு நன்றி

வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஈரம் காயாத ஆத்தங்குடித் தரைக்கல்லில் வழுக்கி வலது மணிக்கட்டு உடைந்து, 6 வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவே இல்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அசையாமலே இருந்ததில் மூட்டுகள் இறுகிவிட்டன என்றார்கள். சரி, பிசியோதெரபி பயிற்சிக்குப் போனேன். மூன்றாவது நாள் காரைக்குடியில் என் முறைக்குக் காத்திருக்கும்போது தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

பக்கத்தில் இருந்த ஆச்சி, நீங்கள்தான் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, பையிலிருந்து பாதி முடைந்த பனையோலைக் கொட்டானை (சின்னக் கூடையை) எடுத்து என் மடியில் வைத்தீர்கள். "இந்த ஒரு ஓலையை மட்டும் அடியில விட்டு எடு ஆத்தா, போதும்." கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்க, ஐந்து நிமிடம் ஆனது அந்த ஒரு ஓலைக்கு. உங்கள் விரல் மூட்டுகளும் வீங்கித்தான் இருந்தன, அதை அப்புறம்தான் பார்த்தேன். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துவிட்டுப் பயிற்சி செய்தால் இறுக்கம் தளரும் என்றும் சொன்னீர்கள், பிசியோதெரபிஸ்டும் அதையேதான் சொன்னார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. நேற்று குழிப்பணியாரத்தை வலது கையாலேயே கம்பியால் குத்தித் திருப்பினேன் ஆச்சி. ரொம்ப நன்றி. கொட்டான் என்னிடம்தான் இருக்கிறது, இன்னும் நாலு வரிசைதான் பாக்கி.