கம்பெடுக்காத காவல்

குலசேகரம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே. ஊர் நிலையைத்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் வீடுகள் தெருவாக அமைந்தவை அல்ல, தனித்தனி விளைகளுக்குள் (தோட்டங்களுக்குள்) ரப்பர் மரங்களுக்கிடையே ஒதுங்கி நிற்பவை என்பது நீங்கள் நேரில் கண்டதுதான். பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, முதியவர்கள் மட்டும் தங்கும் வீட்டில் இரவில் ஒருவர் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. மழை ஓய்ந்து ரப்பர் மரங்களில் பால்வெட்டுத் தொடங்கியதிலிருந்து, கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டும், மரத்தில் உறைந்து ஒட்டியதை உரித்துச் சாக்கில் கட்டிவைத்த ஒட்டுப்பாலும் அடிக்கடி காணாமற்போகின்றன. ரோந்து வண்டி வருகிறது. ஆனால் தார்ச்சாலையோடு திரும்பிவிடுகிறது.

இதற்காகக் கூடிய ஊர்க்கூட்டத்தில், இரவில் கம்போடு நின்று வருகிறவர்களைச் சோதிப்போம் என்று இளைஞர்கள் சிலர் முன்வந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், வேலை முடிந்து நடந்துபோன வடமாநிலத் தொழிலாளி ஒருவரை வழிமறித்து, அவர் பேச்சு புரியாமல் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, கடைத்திண்ணையில் உட்காரவைத்திருந்தார்கள். சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்து, கூப்பிய கையை இறக்காமலே அவர் இருந்தார். எனக்கு நெஞ்சு பதைத்தது. ஆகவே கூட்டத்தில் அந்த யோசனையை உறுதியாக எதிர்த்தேன்.

உங்கள் இராமநாதபுரத்தில் 1993-இல், மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய, பொதுமக்கள் தன்னார்வலராகக் காவலருக்கு உதவும் ‘பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு, காவல் நிலையத்துக்கும் மக்களுக்கும் இடையிலிருந்த அச்சத்தைக் குறைக்கவே பிறந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் தாக்குதலுக்கு உள்ளாகி உயிரிழந்தபோது, அவ்வமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்து, ஜூலையில் அரசே அதற்குத் தடை விதித்தது. மக்கள் காவலருக்குக் கண்ணும் காதுமாக இருக்கலாம். அவர்களுடைய கையாக மாறிவிடக் கூடாது என்பதே என் எண்ணம்.

உண்மையில் எங்களுக்குப் புதிய காவற்படை வேண்டியதே இல்லை. விடியுமுன் நெற்றி விளக்கோடு விளைக்குள் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களைவிட இரவை அறிந்தவர் யார்? அறிமுகமில்லாத வண்டி நின்றால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அவசர உதவி எண் 112-க்குச் சொல்வது, யாரையும் தடுத்து நிறுத்தாமலிருப்பது, பூட்டிய வீடுகளையும் முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளையும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவிப்பது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. முச்சந்தியில் கேமரா பொருத்த வரி பிரிக்கிறார்கள். ஒட்டுப்பால் வாங்கும் வியாபாரிகள் விற்பவர் பெயரை எழுதிவைத்தாலே திருட்டுப் பாதி குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குத்தான் இன்னும் இணக்கம் வரவில்லை.

முதல் ஆண்டுகளில் உங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் ‘பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பில் இருந்தார்களே, அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், எல்லை மீறியவர்களை எப்படி விலக்கினார்கள் என்பதை விசாரித்து எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்