மவுல்பிரான் மடத்துச் சந்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். இங்கே ஜெர்மனியில் குளிர் கூடிவிட்டது. நீங்க கொடுத்துவிட்ட கருப்பட்டியைப் போட்டுத்தான் தினமும் சுக்குக் காப்பி குடிக்கிறேன். நைட் டியூட்டி முடிந்துவிட்டது. அப்பாவுக்குச் சுகர் பார்த்தீங்களா? எவ்வளவு என்று அண்ணனை எழுதச் சொல்லுங்க.

இந்தச் சனிக்கிழமை லீவு கிடைத்தது. கூட வேலை பார்க்கும் மார்த்தாண்டத்து அக்காவும் நானும் மவுல்பிரான் என்ற ஊருக்குப் போனோம். நான் இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே 1147இல் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கிய மடம் இருக்கிறது. மதில், கோயில், சாப்பாட்டுக் கூடம், தானியக் களஞ்சியம் எல்லாம் ஒரே வளாகத்தில் அப்படியே நிற்கின்றன. 1993இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளில் இரண்டாவதை ஒட்டி, மடத்து முற்றத்தில் சந்தை போடுகிறார்கள்.

அம்மா, சந்தை என்றதும் நம்ம பக்கத்துக் கருங்கல் ஊர்ச் சந்தையை நினைக்காதீங்க. இங்கே பாதிக் கடை கைவேலைக்காரங்களுடையது. மரத்தில் கடைந்த கிண்ணம், தேன்மெழுகு மெழுகுவர்த்தி, மண்பாண்டம், கம்பளிச் செருப்பு, கூடை. செய்தவரே முன்னால் நின்று விற்கிறார். கேட்டால் எந்த மரம், எத்தனை நாள் உலர வைத்தது என்று நிதானமாகச் சொல்கிறார். வெள்ளி நகை செய்யும் ஒருவர் ஃபோர்ட்ஸ்ஹைம்காரர். அந்த ஊரின் நகைத் தொழில் 1767இல் ஒரு அனாதை இல்லத்தில் தொடங்கியது என்று அவர்தான் சொன்னார். நான் விடுவேனா? எங்க நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் பதித்து, மேலே தங்கத் தகடு வைத்துக் கோயில் நகை செய்வார்கள், பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகள் போடுவது அதுதான் என்று சொல்லி, போனில் படமும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

மடத்துக்குள்ளேயும் போய்ப் பார்த்தோம். சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரே மூன்று அடுக்காகத் தண்ணீர் வழிகிற கல்தொட்டி இருக்கிறது. துறவிகள் சாப்பிடப் போகும் முன் அங்கே கை கழுவுவார்களாம். சதுப்பாகக் கிடந்த பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டி, குளங்கள் கட்டி, மீன் வளர்த்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் குளமும் மறுகாலும் போலவே ஒன்றில் நிரம்பியது அடுத்ததற்குப் போகிறது. அப்பா பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவார். மதச் சீர்திருத்தக் காலத்தில் மடம் நம்மைப் போலப் புராட்டஸ்டண்டு ஆகி, 1556இல் பள்ளிக்கூடமானது. கெப்ளர் என்ற வானியல் அறிஞர் அங்கேதான் 1586இல் படிக்க வந்தார். இன்றைக்கும் பிள்ளைகள் உள்ளே தங்கிப் படிக்கிறார்கள்.

ஆனால் கோயிலுக்குள் பார்த்த ஒன்றுதான் மனதைவிட்டுப் போகவில்லை. நடுவில் குறுக்கே கல்லில் ஒரு தடுப்புச் சுவர். கிழக்குப் பக்கம் பாட்டும் ஜெபமுமாக இருந்த துறவிகளுக்கு. மேற்குப் பக்கம் வயலிலும் பட்டறையிலும் வேலை செய்த சகோதரர்களுக்கு. அவர்களும் சந்நியாசம் வாங்கியவர்கள்தான். ஆனால் சாப்பாட்டுக் கூடமும் வேறு. மடத்தைத் தாங்கியது அவர்கள் கை. அவர்களுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம்.

அந்த நினைப்போடு வெளியே வந்தபோதுதான் லேஸ் பின்னுகிற பாட்டியைப் பார்த்தேன். அம்மா, நீங்க அங்கே இருந்திருக்க வேண்டும்! உருளைத் திண்டு, அதன்மேல் துளை போட்ட அட்டை, அட்டை நிறையக் குண்டூசி, கீழே நூல் சுற்றிய குச்சிகள் தொங்குகின்றன. உங்களுடையதேதான். ஒரே வித்தியாசம், அவர் குச்சிகளுக்கு மெல்லிய மரக்கூடு போட்டிருக்கிறது. கை அழுக்கு நூலில் படாமல் இருக்க. இந்த நாட்டின் கிழக்கே எர்ட்ஸ்கெபிர்கே என்ற சுரங்க மலைப்பக்கத்துக்காரர். தன் பாட்டியிடமிருந்து கற்றாராம். சுரங்க வேலை குறைந்த காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் அடுப்பெரிய வைத்தது லேஸ்தான் என்றார்.

நாலு குச்சியை எடுத்து, மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசி குத்தி, மறுபடி மாற்றினார். மாற்றுவது, முறுக்குவது, இந்த இரண்டு அசைவுதான், பூவும் இலையும் எல்லாம் அதிலிருந்தே வருகிறது என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். எனக்கு உங்க விரல்தான் தெரிந்தது. சாயங்காலம் திண்ணையில் வெளிச்சம் போகும் வரை குச்சிகள் மோதுகிற சத்தம். என் அம்மாவும் இது பின்னுவாங்க என்று சொன்னதும் பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம் கொடுத்தார். கைக்குட்டை ஓரத்துக்கு ஒரு விரற்கடை அகல லேஸ் 80 யூரோ. யாரும் பேரம் பேசவில்லை. விலை அட்டையில் எத்தனை மணி நேர வேலை என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.

உங்க லேஸ் எத்தனை மேசைவிரிப்பில் போயிருக்கிறது? ஒன்றிலாவது உங்க பெயர் உண்டா? கூலி கையில் வந்த நாட்களில் நீங்க அதை எண்ணிப் பார்க்கக்கூட மாட்டீங்க, அவ்வளவுதான் இருக்கும். எனக்கு அது ஆறவில்லை அம்மா.

நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் 1821இல் லேஸ் பள்ளி தொடங்கிய கதையை நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. அடிமைகளாகப் பிறந்த பெண்பிள்ளைகள் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்தப் பிள்ளைகள் நினைவுதான் வந்தது. அப்படி வந்த வேலை நம்ம வீட்டோடு நின்றுபோக வேண்டாம்.

திண்டைப் பரணில் போட்டிருந்தால் இறக்கி வெயிலில் வையுங்க. துணி மேலுறை போயிருந்தால் மைனியைத் தைக்கச் சொல்லுங்க. அட்டைகளை மட்டும் மடிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அண்ணன் எனக்கு அனுப்பட்டும். பாட்டி பார்க்க வேண்டும் என்கிறார், முகவரியும் தந்திருக்கிறார். பருத்தி நூலில் மெல்லியது இங்கே நன்றாகக் கிடைக்கிறது, அடுத்த பார்சலில் வைக்கிறேன். அண்ணன் மகள் லீவில் வரும்போது முதலில் பின்னல் நாடா ஒன்றையே பழக்குங்க, பூவுக்கு அவசரப்பட வேண்டாம். நீங்க பின்னுவதை இனி யாருக்கும் கூலிக்குக் கொடுக்காதீங்க. முடித்ததும் எத்தனை நாள் ஆனது என்று ஒரு தாளில் குறித்து, பெயரும் எழுதி என்னிடம் அனுப்புங்க. விற்கிற வழியை நான் பார்க்கிறேன்.

அப்பாவுக்கும் மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்க மகள்